கீர்ஸ்டன் சிரிக்கவில்லை

கோணேஸ்வரனின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த உலகத்தில் விக்ரோரியாதான். கோணேஸ்வரனையே அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எழுதி இரண்டு நாள் போய்விட்டால் அவருக்கே விளங்காது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இஞ்சேரும், இதில என்ன எழுதியிருக்கிறன் எண்டு ஒருக்காப் பாரும்" என்று மனைவியிடம்தான் கேட்பார். அவர் டென்மார்க்கில் ஒடென்சே நகரில் பஸ் ஓட்டுகிறவர். கடைசித் தரிப்பிடத்தில், அடுத்த ஓட்டத்துக்கு முன் கிடைக்கிற ஏழு நிமிடத்தில், ஸ்டீயரிங்கின்மேல் கொப்பியைச் சாய்த்து வைத்து எழுதினால் எழுத்து வேறு எப்படி இருக்கும்?

இப்படி ஏழு ஏழு நிமிடமாக ஒன்பது வருடம் எழுதியதுதான் 'இரு வாசல் வீடு' என்ற சரித்திர நாவல். நூற்றறுபது வருடத்துக்கு முன் இந்த டென்மார்க்கிலேயே மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து, கப்பலேறி, பிறகு மாதக்கணக்காகக் கைவண்டி இழுத்து, அமெரிக்காவில் யூட்டா வரைக்கும் போன ஒரு குடும்பத்தின் கதை. கணவன் நீல்ஸ், தச்சன். மனைவி கீர்ஸ்டன். போய்ச் சேர்ந்த பிறகு, அந்தக் காலத்துச் சபை வழமைப்படி, நீல்ஸ் ஆனெ என்கிற பெண்ணையும் இரண்டாந்தாரமாகக் கட்டுகிறான். ஒரே வீட்டுக்கு முன்பக்கம் இரண்டு வாசல் வைக்கிறான், ஆளுக்கொன்று.

ஒடென்சே தமிழ் வாசகர் வட்டத்தின் தலைவர் இரத்தினசிங்கத்துக்கு முதலில் இந்தக் கதை பிடிபடவில்லை. சரித்திர நாவல் என்றால் அவருக்கு அரசனும் குதிரையும் சுரங்கவழியும் வேண்டும்.

"அரசன் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"சண்டை?"

"இல்லை."

"பிறகென்னத்துக்கு அதைச் சரித்திர நாவல் எண்டு சொல்லுறீர்?"

"ரெண்டு பெண்சாதி இருக்கினம் அண்ணை."

இரத்தினசிங்கம் யோசித்தார். "அப்பிடியெண்டால் சரி," என்றார். சொன்ன கையோடு போய் விழாவுக்குப் பாடசாலை மண்டபத்தை எடுத்துவிட்டார். வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழும் அடித்துவிட்டார். விளக்கேற்றுபவர், வரவேற்புரை, ஆசியுரை, ஆய்வுரை, முதற்பிரதி பெறுபவர், ஏற்புரை என்று பத்தொன்பது பெயர்கள், எல்லாம் வழவழத்த தாளில். புத்தகம் எழுதி முடியவில்லை என்பது மட்டும்தான் குறை. நம்முடைய ஆட்களுக்கு விழா முதல், விஷயம் பிறகு.

மொத்தம் இருபத்துநான்கு அத்தியாயம். இருபத்துமூன்றை விக்ரோரியா கணினியில் ஏற்றிவிட்டாள். வேலை முடிந்து வந்து, உடுப்பை மாற்றி, சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தால் இரண்டு மணித்தியாலம் எழும்பமாட்டாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்கேயுள்ள தொண்ணூறு வயதுக்காரரோடு கதைத்துக் கதைத்து அவளுடைய டேனிஷ் நன்றாக ஊறியிருந்தது. கோணேஸ்வரனின் டேனிஷ் பஸ்ஸுக்குப் போதும். அந்தக் காலத்துக் கடிதங்களும் சபைப் பதிவுகளும் நூலகத்திலிருந்து வந்தபோது உட்கார்ந்து வாசித்துச் சொன்னதும் அவள்தான். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததே இல்லை. கீர்ஸ்டன் அவளுக்குப் பிடித்துப் போயிருந்தாள்.

மிச்சம் இருந்தது பத்தொன்பதாம் அத்தியாயம். நீல்ஸின் இரண்டாவது கலியாணம். கோணேஸ்வரன் அதை ஒன்பது வருடமாகத் தள்ளித் தள்ளி வைத்து, ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் துணிந்து, ஐந்து ஓட்டத்தில் எழுதி முடித்துவிட்டார். சென்னையிலுள்ள அச்சகத்துக்குக் கோப்பு அனுப்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

விக்ரோரியா கொப்பியைப் பிரித்து ரைப் பண்ணத் தொடங்கினாள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. கணவன் இன்னொருத்தியைக் கட்டும்போது முதல் மனைவியின் சம்மதம் கேட்பார்கள். சம்மதித்தால் அவளே புது மணப்பெண்ணின் கையை எடுத்துக் கணவனின் கையில் வைக்கவேண்டும். அந்த இடம் வந்தது. "கீர்ஸ்டன் புன்னகை பூத்த முகத்தோடு ஆனெயின் கரத்தை எடுத்து நீல்ஸின் கரத்தில் வைத்தாள். தியாகத்தின் திருவுருவாக அவள் நின்றாள்."

'புன்னகை' வரைக்கும் அடித்தவள் நிறுத்தினாள். பிறகு அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். மடிக்கணினியை மூடினாள்.

"என்னப்பா, முடிஞ்சுதோ?" சோபாவில் சாய்ந்திருந்த கோணேஸ்வரன் கேட்டார்.

"இதை நான் ரைப் பண்ணமாட்டன்."

"ஏன், எழுத்து விளங்கேல்லையோ?"

"நல்லா விளங்குது. அதாலதான். இவள் சிரிச்சவள் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"வரலாற்றில இருக்கு."

"அந்தக் கடிதமெல்லாம் நான்தானே வாசிச்சுச் சொன்னனான். கையை வைச்சவை எண்டு இருக்கு. சிரிப்பு ஒண்டிலயும் இல்லை. சிரிப்பை வைச்சது நீங்கள்."

கோணேஸ்வரனுக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. அது கலைநயம் என்றார். நாவலின் உச்சம் என்றார். அவள் எழும்பிப் போய் வெங்காயம் உரித்தாள். அவள் இப்படி ஒற்றைக்காலில் நின்று அவர் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ விஷயத்தில் விட்டுக்கொடுத்தவள், யாரோ ஒரு யூட்டாக்காரிக்காக இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாளே என்று அவருக்கு ஒரே அதிசயம்.

அடுத்த நாள் தானே ரைப் பண்ண உட்கார்ந்தார். ஒற்றை விரலால் 'க' எங்கே, 'ங' எங்கே என்று தேடி ஒரு மணித்தியாலத்தில் ஒன்றரை வரி அடித்தார். அதிலும் அரை வரி ஏதோ சாவியில் கை பட்டு மறைந்துபோனது. சனிக்கிழமை ஓகூஸிலிருந்து மகள் மேனுஜா வந்தாள். அவளிடம் கொப்பியை நீட்டினார். அவள் தலைகீழாகத் திருப்பியும் பார்த்துவிட்டு, தமிழ் வாசிக்கத் தனக்கு ஓரளவு தெரியும், ஆனால் இது தமிழா என்று டேனிஷில் கேட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "அம்மாவை நீ கேட்டாயா?" என்றாள், அதுவும் டேனிஷில்.

"எத்தினை தரம் கேட்டிட்டன். ரைப் பண்ணமாட்டாவாம்."

மேனுஜா அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்தாள். தான் கேட்டது ரைப் பண்ணுவதைப் பற்றி இல்லை என்று சொல்ல வாயெடுத்து, பிறகு தோசையைத் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோணேஸ்வரன் ஒரு சமரசத் திட்டத்தோடு வந்தார். "சரியப்பா. சிரிப்பை எடுத்துவிடுறன். 'கண்ணீர் மல்க' எண்டு போடுவம்."

"அழுகையையும் நான் ரைப் பண்ணமாட்டன்."

"சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது எண்டால் மனுசி என்னதான் செய்யிறது?"

சலிப்பில் கேட்ட கேள்விதான். ஆனால் கேட்டுவிட்டு அவர் போகவில்லை. பதிலுக்காக அங்கேயே நின்றார். ஒன்பது வருடத்தில், இந்த நாவலைப் பற்றி அவர் அவளிடம் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார், நீளம் கூடிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அவளுக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல்தடவை.

"எங்கட இல்லத்துக்குப் புதுசா ஆக்கள் வாறவையல்லோ," என்று தொடங்கினாள். "மறதி வந்த மனுசன்மாரை மனுசிமார்தான் கூட்டிக்கொண்டு வருவினம். ஐம்பது வருசம் ஒண்டாய் இருந்தவை. வாசல்ல வைச்சு அவரின்ர கையை எடுத்து என்ர கையில தருவினம். இதுவரைக்கும் ஒரு முப்பது பேராவது அப்பிடித் தந்திருப்பினம். ஒருத்தியும் சிரிச்சதில்லை. அழுததும் இல்லை. 'இவர் மீன் சாப்பிடமாட்டார். காலுறை போடாமல் படுக்கமாட்டார். இடப்பக்கம் நிண்டு கதையும், மற்றக் காது கேளாது.' இப்பிடி விபரமாய்ச் சொல்லுவினம். சொல்லிக்கொண்டே கையை விடமாட்டினம். நான் இழுக்கிறேல்லை. அவையா விடுமட்டும் நிப்பன்."

கோணேஸ்வரன் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"அப்ப நீரே எழுதும்," என்றார்.

புதன்கிழமை அவளுக்கு லீவு. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவள் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் எழும்பினாள். அன்று வீட்டில் சமையல் இல்லை. கோணேஸ்வரன் வேலையால் வந்து, கறுப்புப் பாணுக்குச் சம்பலைப் பூசி, சத்தம் போடாமல் நின்றபடி தின்றார். அவள் எழுதியது ஆறு பக்கம். முதல் நான்கு பக்கமும் கலியாணத்தன்று காலையில் கீர்ஸ்டன் வீட்டில் செய்த வேலைகள். போர்வை நான்குதான் இருக்கிறது, இரண்டு வாசலுக்கும் எப்படிப் பிரிப்பது? மாட்டில் யார் பால் கறப்பது? நீல்ஸுக்கு இருமல் வந்தால் நெஞ்சில் எதைத் தடவவேண்டும் என்று வரப்போகிற அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பதா, வேண்டாமா? பிறகு சபை மண்டபம். அந்த இடத்தை அவள் இப்படி எழுதியிருந்தாள்:

"ஆனெயின் கை சில்லிட்டிருந்தது. உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்பு. இவளும் வண்டி இழுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள் என்று கீர்ஸ்டன் நினைத்தாள். கையைக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு நேரத்துக்குள் என்று யாரும் சொல்லவில்லை. கீர்ஸ்டன் பிடித்தபடியே நின்றாள். ஆனெயும் கையை இழுக்கவில்லை. சபைப் பெரியவர் ஒருமுறை இருமினார். நீல்ஸ் நீட்டிய கையோடு நின்றான். நிற்கட்டும், என்று கீர்ஸ்டன் நினைத்தாள்."

கோணேஸ்வரன் இரண்டு தரம் வாசித்தார். இரண்டு இடத்தில் காற்புள்ளி போட்டார். "ம். நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு வெளியே போய் ஒரு மணித்தியாலமாகச் சைக்கிளைத் துடைத்தார். துருப்பிடித்த சைக்கிள், இரண்டு வருடமாக யாரும் தொடாதது.

வெள்ளிக்கிழமை கோப்பு சென்னைக்குப் போனது. கடைசியாக அவள் ரைப் பண்ணியது அவருடைய முன்னுரை. அது வசந்த காலத்திலேயே எழுதி வைத்தது. மண்டபம் தந்த பாடசாலைக்கும், அட்டை வரைந்த தம்பிக்கும், 'தட்டச்சில் உதவிய துணைவியாருக்கும்' நன்றி சொல்லியிருந்தார். அவர் அதை மாற்றச் சொல்லவில்லை. அவளும் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆனால் மனது புழுங்கியது. பெயர் போடச் சொல்லிக் கேட்டிருந்தால் போட்டிருப்பார், அது அவளுக்குத் தெரியும். கேட்டு வாங்க அவளுக்கு விருப்பமில்லை. அது நான் எழுதியதில்லை, இவள் எழுதியது என்று அவர் தன் வாயால், நாலு பேருக்கு முன்னால் சொல்லவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதை நினைத்துக்கொண்டே ஒக்டோபர் வரைக்கும் இருந்தாள்.

விழா நாள் வந்தது. பாடசாலை மண்டபத்தில் நூற்றிருபது பேர். ஸ்கீவயிலிருந்துகூட இரண்டு கார் வந்திருந்தது. நாவலாசிரியரின் மனைவி எங்கே இருப்பாள்? குசினியில்தான். பக்கத்து வீட்டு றொஷானியோடு சேர்ந்து ரோல்ஸை அடுப்பில் சூடாக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் பரிமாறுகிற யன்னல் ஒன்று இருந்தது. அதற்குள்ளால் மேடை முழுதாகத் தெரிந்தது.

ஆய்வுரைக்குக் கோல்டிங்கிலிருந்து அழகரத்தினம் மாஸ்டர் வந்திருந்தார். அவர் ஒலிவாங்கியைப் பிடித்தால் ரோல்ஸ் ஆறிப்போகும் என்று ஊருக்கே தெரியும். அன்று அவர் சுற்றி வளைக்கவில்லை. நேராகப் பத்தொன்பதாம் அத்தியாயத்துக்குப் போனார். "இதை நான் விளக்கப் போறதில்லை. வாசிக்கிறன், கேளுங்கோ," என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டார்.

போர்வையில் தொடங்கி வாசித்தார். விக்ரோரியா கையில் ரோல்ஸோடு அப்படியே நின்றாள். தன்னுடைய வசனத்தை இன்னொருவர் குரலில் கேட்பது அவளுக்கு அன்றுதான் முதல்தடவை. மண்டபத்தில் கைப்பிள்ளைகளைத் தவிர வேறு சத்தமில்லை. 'நிற்கட்டும்' என்ற இடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ "ஓம்" என்றார்கள், மெல்லத்தான், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. விக்ரோரியாவுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான்.

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு ஆண்மகன் ஒரு பெண்ணின்ர மனசுக்குள்ள இவ்வளவு ஆழமாய்ப் போய் எழுதியிருக்கிறார். இது எப்பிடிச் சாத்தியம்? இதுதான் கோணேஸ்வரன் எண்ட கலைஞன்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. விக்ரோரியாவுக்குக் கண் உடனே காய்ந்துவிட்டது. ரோல்ஸைத் தட்டில் போட்ட வேகத்தில் அது பிளந்துபோனது. றொஷானி அவளைப் பார்த்தாள். ஒன்றும் விளங்காமல் இன்னொரு தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியில் ஏற்புரை. கோணேஸ்வரன் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி ஒருபக்கம் இழுத்தபடி எழும்பி வந்தார். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். பார்த்தார். திரும்ப மடித்து உள்ளே வைத்தார்.

"பத்தொன்பதாம் அத்தியாயம் நான் எழுதினதில்லை," என்றார்.

விக்ரோரியா யன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மண்டபம் படபடவென்று கைதட்டியது. தமிழ் மேடையில் எழுத்தாளர் என்றால் இப்படித்தான் பேசுவார். நான் எழுதவில்லை, என் பாத்திரங்கள் எழுதின. நான் வெறும் பேனா, எழுதியது காலம். எத்தனை விழாவில் கேட்டாயிற்று. மாஸ்டர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்.

"இல்லை, உண்மையா. நான் எழுதேல்லை. நான் எழுதினது வேற. அதில அந்த மனுசி சிரிச்சுக்கொண்டு நிண்டது. விசர்த்தனமாய் இருந்தது."

இன்னும் பெரிய கைதட்டல். முன்வரிசையில் இரண்டு பேர் எழும்பியே நின்றார்கள். இரத்தினசிங்கம் துணை ஒலிவாங்கியைப் பிடித்து, "பார்த்தீங்களோ சபையோரே, நிறைகுடம்! எங்கட எழுத்தாளரின்ர தன்னடக்கத்தைப் பாருங்கோ," என்றார்.

கோணேஸ்வரனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு மனிதன் உண்மையைச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தரமும் புகழ் கூடிக்கொண்டு போனால் அவன் என்னதான் செய்வான்? அவர் மண்டபம் முழுக்கக் கண்ணால் தேடி, கடைசியில் குசினி யன்னலைக் கண்டுபிடித்தார். "விக்ரோரியா, நீரே வந்து சொல்லும். இவை நம்பீனமில்லை," என்றார், ஒலிவாங்கியில்.

அவள் ஏப்ரனைக் கழற்ற மறந்துபோனாள். தட்டையும் கீழே வைக்கவில்லை. நூற்றிருபது பேரின் நடுவால் நடந்து போய், மேடையில் ஏறி, இடது கையில் ரோல்ஸும் வலது கையில் ஒலிவாங்கியுமாக நின்றாள். பேசவேண்டும் என்று ஒன்றும் ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை.

"அவர் சொல்லுறது உண்மை. அதை நான்தான் எழுதினது," என்றாள். "தன்னடக்கம் எண்டு தயவுசெய்து நினையாதேங்கோ. முப்பத்தொரு வருசமாய் இவரோட இருக்கிறன். அவரிட்ட அப்பிடி ஒரு சாமான் இருந்ததை நான் காணேல்லை."

முதலில் சிரித்தது கோணேஸ்வரன்தான். பிறகு பெண்கள் பக்கம். பிறகு மண்டபம் முழுவதும், மாஸ்டர் உட்பட. அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு வந்த கைதட்டல் வேறு மாதிரி இருந்தது. அவசரமில்லாமல், நிறுத்த மனமில்லாமல் தட்டினார்கள். பின்வரிசையில் மேனுஜா விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். அதைப் பற்றி வீட்டுக்குப் போய்க் கதைக்கவேண்டும் என்று விக்ரோரியா நினைத்தாள்; நினைத்துக்கொண்டே சிரித்தாள்.

புத்தக மேசையில் இரண்டு கதிரை போட்டார்கள். றொஷானிதான் முதலில் வந்தாள். முன்பக்கத்தைத் தாண்டி, பத்தொன்பதாம் அத்தியாயத்தை விரித்து நீட்டினாள். "அன்ரி, இதில வையுங்கோ." விக்ரோரியா இதுவரை கையெழுத்து வைத்ததெல்லாம் இல்லத்தின் மருந்துத் தாளில்தான், அதுவும் வெறும் 'வி' என்று. இன்றைக்குப் பெயரை முழுதாக எழுதினாள். நிமிர்ந்து பார்த்தால் றொஷானிக்குப் பின்னால் வரிசை கதவு வரைக்கும் நின்றது. எல்லார் விரலும் அதே பக்கத்துக்குள் இருந்தது.

பக்கத்துக் கதிரையில் கோணேஸ்வரன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருந்தார். ஒரு பிள்ளை வந்து, கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனது. அவர் பேனாவை மூடினார்.

"அப்ப நான் என்னப்பா செய்ய?"

"குசினியில ஒருதரும் இல்லை. தேத்தண்ணியை ஊத்திக் குடுங்கோ, சனம் பாத்துக்கொண்டு நிக்குது," என்றாள், எழுதுவதை நிறுத்தாமல்.

அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் மாட்டினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரம் கழித்து வரிசையின் இடைவெளியால் விக்ரோரியா எட்டிப் பார்த்தாள். பரிமாறுகிற யன்னலில் ஆவி பறக்க நின்று, சீனி எத்தனை கரண்டி என்று ஒவ்வொருவரையும் கேட்டு ஊற்றிக்கொண்டிருந்தார். கோப்பையைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் இன்னொன்றும் சொன்னார். சத்தத்தில் முதலில் அவளுக்குக் கேட்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"பத்தொன்பதாவதை முதல்ல வாசியுங்கோ," என்று சொல்லிக்கொண்டிருந்தார் கோணேஸ்வரன். "மற்றதுகளைப் பிறகு ஆறுதலாய்ப் பாக்கலாம்."